பெரிய நாய் திடீரென்று நொண்டினால்: முதல் அரைமணி நேரத்திலிருந்து மறுபடி ஓடும் வரை

நேற்று ராத்திரி வரை கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே ரகளை பண்ணிக்கொண்டிருந்த நாய், காலையில் எழுந்து ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாட்டி விளக்கெண்ணெய் தடவச் சொல்வார். பக்கத்து வீட்டு அண்ணன், "சுளுக்குத்தான், ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்பார். பையன் அதற்குள் மெடிக்கலுக்கு வண்டியை எடுத்திருப்பான். இந்த மூவரில் முதலில் தடுக்க வேண்டியது பையனைத்தான்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், கிரேட் டேன், நம் பக்கத்து ராஜபாளையம், கோம்பை என்று பெரிய உடம்புள்ள நாய்களுக்காக எழுதியது இது. சின்ன நாய் நொண்டினால் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிடலாம். 35 கிலோ நாயைத் தூக்குவதே தனி வேலை. தவிர, பெரிய நாய்க்கு வரும் மூட்டு நோய்களும் எலும்பு நோய்களும் வேறு மாதிரி. ஒரு கால் போனால் அந்தப் பாரம் முழுவதும் மற்ற மூன்று கால்களில் இறங்கும் என்பதால், ஒத்திப்போட்டால் நல்ல காலும் கெடும்.

முதலில், மாத்திரை வேண்டாம்

"அண்ணே, நாய்க்கு ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று கேட்டால், மனிதருக்குத் தருவதையே பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொல்லும் கடைகள் உண்டு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நிமெசுலைடு எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். நம் ஊரில் விற்கும் பல வலி மாத்திரைகள் இவற்றில் இரண்டைச் சேர்த்துச் செய்தவை. மே மாத வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்துக் கிடக்கும் நாய்க்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் போடக் கூடாது என்று 2006இல் நம் நாட்டில் தடை வந்தது. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். நாய்க்கு ஆகாது என்பது தனிக்கதை. ஆனால் மனிதருக்கான ஊசியும் மாத்திரையும் கடையில் கிடைத்துக்கொண்டே இருப்பதால், 'மாட்டுக்குப் போட்டதுதானே' என்று நாய்க்கும் போடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கொடுத்தாகிவிட்டது என்றால் ஒளிக்க வேண்டாம். அட்டையையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லுங்கள். வலி மருந்துகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது என்பதால், நாய்க்கான சரியான மருந்தைத் தொடங்க அவர் சில நாள் காத்திருக்க வேண்டி வரலாம். வீட்டில் கொடுத்த ஒரு மாத்திரையால் நாய் வலியோடு கூடுதல் நாள் கிடக்கும்.

காத்திருக்கவே கூடாத நிலைமைகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மற்றப் பகுதிகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். வண்டியைக் கூப்பிடுங்கள்.

- கால் கோணலாகத் தொங்குகிறது, எலும்பு வெளியே தெரிகிறது, அல்லது காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது.
- வண்டி மோதியிருக்கிறது, அல்லது மாடியிலிருந்து விழுந்திருக்கிறது. எழுந்து நடந்தாலும் சரி, உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம்.
- சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை.
- ஈறு வெளுத்திருக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.
- பின்னங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொள்கின்றன.
- தோட்டம், வயல், கண்மாய்க்கரைப் பக்கம் போய்வந்த பிறகு கால் மளமளவென்று வீங்குகிறது. பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள்.
- ஆசனவாய் வழியாகப் பார்த்த காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம். கையால் மூக்கைத் தொட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய், அல்லது போட்டது எப்போது என்று நினைவில்லாத நாய், நடை தள்ளாடி, தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரலும் மாறியிருந்தால் வாய்க்குள் கையை விட்டு 'எலும்பு மாட்டியிருக்கிறதா' என்று தேடாதீர்கள். வெறிநோயின் ஒரு வகையில் நாய் பெரும்பாலும் கடிக்க வராது. உடம்பு செயலிழந்து முடங்குவது மாதிரிதான் வரும். அடைத்து வைத்துவிட்டு டாக்டரை அழையுங்கள். தெருநாயோடு சண்டை போட்டுக் கடிபட்டு நொண்டும் நாய்க்கு, ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும், மறுபடி போட வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

எந்தக் கால் என்று கண்டுபிடிப்பது

இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டாக்டரிடம் போய் "இடது கால்" என்பார்கள். வலி வலது காலில் இருக்கும்.

நாயைத் தளர்வான சங்கிலியில், சமமான சிமெண்டுத் தரையில் மெதுவாக நடக்க விடுங்கள். மணலில் தெரியாது, ஓடினாலும் தெரியாது. முன்னங்காலில் வலி என்றால் தலையைக் கவனியுங்கள். வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். வலிக்கிற காலில் பாரம் இறங்காமல் இருக்க அது கழுத்தைத் தூக்கிக்கொள்கிறது. நமக்குத் தலை 'தொபுக்'கென்று தாழ்வதுதான் கண்ணில் படுவதால், அந்தக் காலில்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறோம்.

பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கிற பக்கத்து இடுப்பெலும்பு அதிகமாக ஏறி இறங்கும். கடுவன் நாய் வழக்கமாகக் காலைத் தூக்கிச் சிறுநீர் கழிப்பது நின்று, பொட்டை மாதிரி குந்தினால் அதுவும் ஒரு தடயம்.

அப்புறம் எப்படி நொண்டுகிறது என்பது. காலை முழுக்கத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் கெந்துகிறதா, விரல் நுனியை மட்டும் லேசாக வைத்து எடுக்கிறதா, அல்லது காலை இழுக்கிறதா? முதல் இரண்டும் பெரும்பாலும் வலி. மூன்றாவது நரம்புச் சமாச்சாரம். நாய் நிற்கும்போது சந்தேகமான காலின் பாதத்தை மெதுவாகப் புரட்டி, மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு நன்றாக இருந்தால் உடனே திருப்பி வைத்துக்கொள்ளும். அப்படியே விட்டுவிட்டு நின்றால், அன்றைக்கே டாக்டர்.

இதையெல்லாம் செல்போனில் வீடியோ எடுங்கள். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டில், ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். ஆஸ்பத்திரி வாசலில் நாலு நாயும் ரெண்டு ஆடும் நிற்பதைப் பார்த்த பதற்றத்தில் உங்கள் நாய் நன்றாகவே நடந்து காட்டும். "காலையில நொண்டுச்சு டாக்டர், சத்தியமா" என்று சொல்லிக்கொண்டு நிற்பதற்கு வீடியோ எவ்வளவோ மேல்.

பாதத்திலிருந்து மேலே

தொடுவதற்கு முன் ஒரு பாதுகாப்பு. உங்கள் தட்டில் சோறு தின்னும் நாயாக இருந்தாலும் வலியில் கடிக்கும். ஒரு நீளத் துண்டையோ வேட்டிக் கிழிசலையோ மூக்கின் மேல் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். அதனால் கட்டை சில நிமிடங்களில் அவிழ்த்துவிட வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் கட்டவே கூடாது. மீறிக் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

நல்ல காலிலிருந்து தொடங்குங்கள். நாய்க்கும் பழக்கமாகும், எது சாதாரணம் என்று உங்கள் விரலுக்கும் தெரியும்.

பாதத்தைக் கழுவித் துடைத்து, டார்ச் அடித்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் திடீர் நொண்டலுக்குப் பாதம்தான் முதல் சந்தேகம். கண்மாய்க்கரைகளிலும் ரோட்டோரங்களிலும் சீமைக் கருவேல முள் கிடக்காத இடம் குறைவு. அந்த முள் பாதத்து மெத்தையில் ஏறி ஒடிந்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கும். அதன் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் நாய் காலை வெடுக்கென்று இழுக்கும், வேறு இடத்தில் அழுத்தினால் சும்மா இருக்கும். முனை வெளியே தெரிந்தால் இடுக்கியால் ஏறிய திசையிலேயே நேராக இழுங்கள். தெரியாவிட்டால் ஊசி வைத்துக் குடைய வேண்டாம். பத்து நிமிடம் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் முக்கி வைத்து மறுபடி பாருங்கள். வரவில்லை என்றால் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார். மூட்டுக்குப் பக்கத்தில் ஆழமாக ஏறிய முள்ளை வீட்டில் தொடவே வேண்டாம்.

வைகைக்குள் நாயை ஓட விடுகிறவர்கள் உடைந்த பாட்டிலையும் கணக்கில் வைக்க வேண்டும். கண்ணாடி வெட்டு, ரத்தம் நின்ற பிறகு ஒரு கோடு மாதிரிதான் தெரியும். விரித்தால்தான் ஆழம் புரியும்.

வெயில் காலத்தில் இன்னும் இரண்டு. ஒன்று, சூடு. உங்கள் புறங்கையை ரோட்டில் ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால் நாய் அதில் நடக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகும் தார் ரோடு வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும். நாலு பாதமும் சிவந்து, தோல் உரிந்திருந்தால் அதுதான். இரண்டு, உருகின தார். அது ஒரு சின்னக் கல்லோடு விரல் இடுக்கில் ஒட்டி, முடியோடு இறுகிவிடும். நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் குத்தும். பெட்ரோல், மண்ணெண்ணெய் தொடாதீர்கள். சமையல் எண்ணெயைத் தடவிக் கால்மணி ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் கரைந்து வரும்.

நகத்தையும் பாருங்கள். முன்னங்காலின் உட்புறம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் நகம் கேட்டுக் கம்பியில் மாட்டிப் பாதி கிழிந்து தொங்குவது சாதாரணம். பார்க்கச் சின்ன விஷயம், வலியோ உயிர் போகும். சோள மாவை வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். தொங்கும் நகத்தை டாக்டர் எடுக்கட்டும்.

பாதத்தில் ஒன்றும் இல்லையா, சரி, மேலே போகலாம். ஒவ்வொரு எலும்பாக, ஒவ்வொரு மூட்டாக மெதுவாக அழுத்தி, இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். வீக்கம், சூடு, சதை சுருங்கியிருப்பது இவைதான் தேடுவது. மூட்டை மடக்கி முறுக்கிப் பார்ப்பது உங்கள் வேலை கிடையாது. நாய் கத்தும்வரை அழுத்த வேண்டாம், அதற்கு முன்பே சொல்லிவிடும். இரைத்துக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நிற்கும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

வயதை வைத்து யோசித்தால்

ஒன்றரை வயதுக்குட்பட்ட பெரிய இனக் குட்டி இன்றைக்கு ஒரு காலையும் பத்து நாள் கழித்து இன்னொரு காலையும் தாங்கினால், நீள எலும்புகளுக்குள் வரும் அழற்சியாக இருக்கலாம். பானோஸ்டியைட்டிஸ் என்பார்கள். ஜெர்மன் ஷெப்பர்டில் அதிகம். எலும்பின் நடுவில் அழுத்தினால் வலிக்கும். தானாகவே சரியாகும் நோய்தான், ஆனால் அதை எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதே வயதில் தோள் மூட்டுக் குருத்தெலும்பு பெயர்வதும், முழங்கை மூட்டு சரியாக வளராததும், இடுப்பு மூட்டுக் கிண்ணம் ஆழமில்லாமல் போவதும் வரும்.

இந்த இடத்தில் கால்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய நாய்க்குட்டி வாங்கிய வீட்டில் கால்சியம் டானிக் பாட்டில் இல்லாமல் இருக்காது. 'எலும்பு உறுதியாகட்டும்' என்று மூடி மூடியாக ஊற்றுவார்கள். சின்னக் குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும். பெரிய இனங்களில் அதுவே எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் உணவைத் தின்னும் குட்டிக்குக் கூடுதல் கால்சியம் தேவையே இல்லை. நொண்டுகிற குட்டிக்குக் கால்சியத்தை இன்னும் கூட்டுவது எனக்குப் புரியாத வைத்தியம்.

நடுவயது நாய், கொஞ்சம் குண்டு, விளையாடும்போது சட்டென்று திரும்பியது, ஒரு கத்து, பின்னங்காலைத் தூக்கிக்கொண்டது என்றால், முட்டிக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் அறுந்திருக்கலாம். பெரிய நாய்களின் பின்னங்கால் நொண்டலில் இதுதான் பெரிய பங்கு. ஓரிரு நாளில் விரல் நுனியை ஊன்றத் தொடங்கும். வீட்டில் எல்லோரும் 'குணமாகிவிட்டது' என்று நிம்மதி ஆவார்கள். உட்காருவதைப் பாருங்கள். இரண்டு முட்டியையும் மடக்கி நேராக உட்காராமல், ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிப் போட்டு உட்கார்ந்தால் முட்டியில் கோளாறு. எடை கூடிய பெரிய நாய்க்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி.

எந்த வயதிலும் உண்ணிக் காய்ச்சலை மறக்கக் கூடாது. நம் வெயிலில் உண்ணிக்கு ஓய்வே கிடையாது. சாப்பாட்டில் நாட்டம் இல்லை, சோர்ந்து கிடக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, கால் மாற்றிக் கால் நொண்டுகிறது, ஈறிலோ வயிற்றுத் தோலிலோ சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம் என்றால் காலை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள், தட்டணுக்களின் எண்ணிக்கையோடு. நேரத்தில் பிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். மருந்து பொதுவாக நாலு வாரம் போகும். மூன்றாம் நாள் துள்ளுகிறது என்று நிறுத்திவிடக் கூடாது.

ஏழெட்டு வயதைத் தாண்டிய பெரிய நாய்க்கு மூட்டுத் தேய்மானம் இருக்கும்தான். ஆனால் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயோ, தோளருகிலோ, பின்னங்கால் முட்டிப் பக்கத்திலோ கல் மாதிரி ஒரு வீக்கம் இருந்து, வலி மருந்தில் அடங்கி, நிறுத்தியதும் திரும்பினால் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். எலும்புப் புற்று பெரிய இனங்களைத் தேடி வருகிற நோய். 'வயசாயிருச்சுல்ல' என்ற ஒரு சொல்லில் அது பல மாதம் ஒளிந்துகொள்ளும்.

வீட்டில் செய்யக்கூடியது

லேசான நொண்டல், காலை ஊன்றுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம். 48 மணி நேரத்தில் தெளிவாகக் குறையவில்லை என்றால் டாக்டர்.

அந்த இரண்டு நாளும் ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் போட்டு, ஈரத்துண்டில் சுற்றி, வலிக்கிற இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் முதல் இரண்டு நாள் வேண்டாம், வீக்கம் கூடும்.

எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு வழிக்கிறவரை அழைப்பது இரண்டுக்கும் ஒரே பதில்: வேண்டாம். மயிரிழை விரிசலை நீவினால் முழு முறிவாகிவிடும். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டுவது அதைவிட மோசம்; உள்ளே வீங்கி ரத்த ஓட்டம் நின்று பாதம் அழுகிப்போனால் காலையே எடுக்க வேண்டி வரும். மனிதருக்கான வலித் தைலங்களைத் தடவினால் நாய் அதை நக்கி விழுங்கும்.

தரையைப் பாருங்கள். நம் வீடுகளில் டைல்ஸும் கிரானைட்டும்தான். நல்ல நாயே சறுக்கும் தரையில் மூன்று கால் நாய் எழுந்திருக்கும்போது வழுக்கி, இன்னொரு மூட்டையும் கெடுத்துக்கொள்ளும். அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி, வாசல் வரை கோணிச்சாக்கையோ கயிற்று மிதியடியையோ விரித்துப் பாதை போட்டுவிடுங்கள். மாடிப்படியைப் பலகை வைத்து அடையுங்கள். படுக்க மெத்தென்று ஏதாவது வேண்டும். வெறும் சிமெண்டில் நாள்கணக்கில் கிடந்தால் முழங்கையில் புண் வரும்.

தூக்குவதும் கொண்டுபோவதும்

பின்னங்கால் பலவீனம் என்றால் ஒரு பெரிய துண்டை வயிற்றுக்கு அடியில், தொடைக்கு முன்னால் கொடுத்து இரண்டு நுனியையும் மேலே பிடித்துக்கொண்டால், நாய் முன்னங்கால்களால் நடந்து வரும். சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போக இது போதும்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தையும் மார்பையும், இன்னொருவர் வயிற்றையும் பின்தொடையையும் அணைத்து, ஒரே நேரத்தில் எழ வேண்டும். முதுகெலும்பு அல்லது எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தால் பலகைதான். பழைய பிளைவுட், கதவுப் பலகை எதுவானாலும் சரி. அடிபட்ட கால் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, பெட்ஷீட்டால் லேசாகச் சுற்றுங்கள். கார் இல்லாவிட்டால் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியைக் கூப்பிடலாம், பலகையோடு பின்னால் ஏற்ற வசதி. நல்ல வெயிலில் தார்ப்பாய் நிழலும் அடியில் ஈரச் சாக்கும் வேண்டும். முன்னால் நாயை நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் போவதை மட்டும் இந்த நிலையில் நினைத்தும் பார்க்காதீர்கள்.

மதுரையில் தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தவர்கள் அவரவர் ஊர் மாட்டாஸ்பத்திரியில் முதலில் காட்டிவிட்டு வரலாம். 1962 என்பது கால்நடைகளுக்கான அவசர உதவி எண். பெரிய எலும்பு அறுவை சிகிச்சை என்று எழுதிக்கொடுத்தால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு வழி. தனியார் ஆஸ்பத்திரி என்றால் கிளம்புவதற்கு முன் போன் பண்ணி எக்ஸ்ரே இருக்கிறதா, இன்றைக்கு எடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம்

போகும் முன் சாப்பாடு போடாதீர்கள், தண்ணீர் போதும். பெரிய நாயை அசையாமல் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுக்க மயக்க ஊசி தேவைப்படலாம். வயிறு நிறைந்திருந்தால் மறுநாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

எப்போது தொடங்கியது, எழுந்தவுடன் அதிகமா நடந்த பிறகு அதிகமா, என்ன மருந்து கொடுத்தீர்கள், கடைசி உண்ணி மருந்து எப்போது என்று ஒரு தாளில் எழுதி, வீடியோவையும் காட்டுங்கள். எக்ஸ்ரே இரண்டு கோணத்தில் எடுத்தால்தான் உருப்படியாகத் தெரியும். எலும்பு 'நார்மல்' என்று வந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமாகாது. தசைநார் எக்ஸ்ரேயில் விழாது. முட்டியை அசைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், சில நாய்களுக்கு மயக்கத்தில்தான் அதுவும் பிடிபடும். "குறுக்குத் தசைநாரைப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை.

மெலாக்சிகாம், கார்புரோஃபன், ஃபிரோகாக்சிப் போன்றவை நாய்க்கென்று எழுதித் தரும் வலி மருந்துகள். சாப்பாட்டுக்குப் பிறகு, எழுதிய அளவு மட்டும். வாந்தி, கறுப்பு மலம், சாப்பாட்டை ஒதுக்குவது தெரிந்தால் நிறுத்திவிட்டுப் போன் பண்ணுங்கள். ஸ்டீராய்டு ஊசியும் இந்த மருந்தும் ஒன்றாகப் போகக் கூடாது. ஒரு டாக்டர் ஊசி போட்டு, இன்னொருவர் மாத்திரை எழுதும்போதுதான் இந்தக் குழப்பம் வரும். அதனால் பழைய சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

காலில் கட்டுப் போட்டு அனுப்பினால் தினமும் நடு விரல்கள் இரண்டையும் பாருங்கள். இரண்டு நகங்களுக்கும் நடுவே இடைவெளி அகன்றால், விரல் சில்லிட்டால், நாற்றம் வந்தால், அன்றைக்கே திரும்பிப் போய் அவிழ்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வு என்ற பெரிய வேலை

மருந்து எளிது. வலி குறைந்த நாயை உட்கார வைப்பதுதான் கஷ்டம், முக்கால்வாசி நாய்கள் மறுபடி நொண்டுவதும் இங்கேதான். நாலாவது நாள் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். வீட்டிலும் 'பாவம்' என்று சங்கிலியை அவிழ்த்துவிடுவார்கள். எதிர்வீட்டுப் பூனை மதில்மேல் வரும்.

சாதாரணத் தசைப்பிடிப்புக்கே இரண்டு வாரம், எலும்பு முறிவுக்கு ஆறு முதல் எட்டு வாரம், முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம். இத்தனை நாளும் வெளியே போவது சங்கிலியோடு, மலசலத்துக்கு மட்டும். சோபாவில் ஏறுவது, காலிங்பெல்லுக்கு ஓடுவது, விருந்தாளி மேல் தாவுவது எதுவும் இல்லை. தீபாவளி நெருங்கினால் வெடி தொடங்கும் முன்பே உள்ளறையில் அடைத்து மின்விசிறியையும் டிவியையும் ஓட விடுங்கள். பொழுது போக, தயிர்சோற்றை எவர்சில்வர் கிண்ணத்தில் உறைய வைத்துக் கொடுத்தால் அரைமணி நக்கும். சாப்பாட்டில் கொஞ்சம் குறையுங்கள். படுத்தே கிடக்கும் நாய்க்குப் பழைய அளவு போட்டால் எடை ஏறி அந்த மூட்டிலேயே உட்காரும். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் நாய் குண்டு.

டாக்டர் சரி என்ற பிறகு ஐந்து நிமிட நடை, நாளைக்கு இரண்டு முறை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கூட்டியது சரியா என்று மறுநாள் காலை நாய் எழுந்து வைக்கும் முதல் பத்து அடியில் தெரிந்துவிடும். அதில் நொண்டல் கூடியிருந்தால் பழைய அளவுக்கே இறங்குங்கள். மணலில் ஓட்டம் கடைசியில்தான். நீச்சல் மூட்டுக்கு நல்லதுதான், டாக்டர் அனுமதித்த பிறகு கரையிலிருந்து மெதுவாக இறக்க வேண்டும். பம்ப்செட் தொட்டிச் சுவரிலிருந்து குதிக்க விட்டுவிட்டு நீச்சல் பயிற்சி என்று சொல்லக் கூடாது.

ஒரு முட்டியில் தசைநார் அறுந்த நாய்களில் கணிசமானவற்றுக்கு ஓரிரு வருடத்தில் மற்ற முட்டியிலும் அது அறுகிறது. எனவே கால் சரியான பிறகும் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் நேரத்தில் அது உட்காரும் விதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்த பக்கத்து முட்டி வெளியே விலகிக் கிடந்தால் அன்றைக்கே வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிடுங்கள்.